தோற்பவர்கள் வாசல் ஓரம்

நகரின் நடுவில் இருக்கும் விளையாட்டரங்கத்தில் மேட்ச் நடக்கும் நாளில் காரை எங்கே விடுவது என்று என்னைக் கேட்டால், வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள் என்பேன். அப்படிச் சொன்னால் என் பிழைப்பில் மண் விழும் என்பதால், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வழிகள் இல்லாமல் இல்லை. அரங்கத்துக்கு அடியிலேயே நிலவறை இருக்கிறது. அங்கே மணிக்கு மணி கட்டணம் ஏறும். ஒருவர் காரை உள்ளே விட்டுவிட்டு மேட்ச் பார்க்கப் போனார். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய்விட்டது. திரும்பி வந்து கட்டணத்தைக் கேட்டவர், காரை விற்றுத்தான் காரை வெளியே எடுத்தார். கையில் மிஞ்சியது ஸ்டெப்னி மட்டும். அதை உருட்டிக்கொண்டு அவர் எங்கள் தெரு வழியாகப் போனதை நான் பார்த்தேன்.

அடுத்தது மாடி மாடியாகக் கட்டியிருக்கும் கார் நிறுத்தம். மேலே போகப் போக விலை குறையும். மொட்டை மாடியில் கிட்டத்தட்ட இலவசம். ஆனால் லிஃப்ட் ஓடாது. படியிறங்கி வருவதற்குள் முதல் பாதி முடிந்துவிடும், திரும்ப ஏறும் நினைப்பிலேயே இரண்டாம் பாதி ஓடிவிடும். சாலையோரக் கம்பத்தில் காசு போட்டும் நிறுத்தலாம். கம்பம் கொடுக்கும் நேரம் மேட்ச் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் தீர்ந்துவிடும். அந்தக் கொஞ்சத்தை நம்பித்தான் காரை இழுத்துப் போகும் வண்டிக்காரர் குடும்பம் நடத்துகிறார். ஊருக்கு வெளியே ஒரு மைதானம், சல்லிக்காசு கிடையாது, அங்கிருந்து அரங்கத்துக்குப் பஸ் விடுகிறார்கள். திரும்பிப் போகும் பஸ்ஸைப் பற்றி மட்டும் இதுவரை யாரும் வாக்குக் கொடுத்ததில்லை.

மிச்சமிருப்பது எங்கள் தெரு. அரங்கத்தின் பின்வாசலுக்கு எதிரே வாய் திறக்கும் தெரு. பழைய வீடுகள், முன்னால் பெரிய பெரிய முற்றங்கள். மேட்ச் நாளில் கேட்டைத் திறந்து வைத்தால் கார்கள் தானாக வந்து விழும்.

நான் பஸ் டிப்போவில் வண்டி அடுக்கும் வேலையில் இருந்தவன். மாலையில் வந்து சேரும் பஸ்களைக் காலையில் கிளம்பும் வரிசைப்படி நிறுத்த வேண்டும். முதலில் போகவேண்டியது கடைசியில் உள்ளே வரவேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். இடைவெளி விடுவது எனக்குப் பிடிக்காது. ஒருமுறை நான் அடுக்கிய அடுக்கில் ஒரு கண்டக்டர் கதவைத் திறக்க முடியாமல் உள்ளேயே இருந்துவிட்டார். பரவாயில்லை, காலையில் அதே பஸ்ஸில்தான் அவருக்கு வேலை. உள்ளேயிருந்தபடியே டிக்கெட் கிழித்துக்கொண்டு போனார்.

என் முற்றத்தைப் பார்ப்பவர்கள் எட்டுக் கார் நிற்கும் என்பார்கள். இருபதுக்குக் குறைந்து நான் விட்டதில்லை. ஒரு கார்மேல் வந்து உட்கார்ந்த குருவி, இறங்கத் தரை தெரியாமல் மேட்ச் முடியும்வரை காத்திருந்ததும் உண்டு. சாவியை நான் வாங்கி வைத்துக்கொள்வதில்லை. அடுத்தவன் சாவி நம் கையில் இருந்தால் அவன் காரில் பத்து வருஷமாக இருக்கும் கீறலெல்லாம் நம் தலையில் விழும்.

சாவி இல்லாமல் எப்படி என்று கேட்பீர்கள். அதில்தான் என் தொழிலே இருக்கிறது. தோற்கும் கட்சிக்காரன் ஆட்டம் முடியும் முன்பே கிளம்பிவிடுவான். ஜெயிக்கும் கட்சிக்காரன் கோப்பையைத் தூக்கி, பாடி, அழுது, தெரிந்தவன் தெரியாதவன் எல்லோரையும் கட்டிப்பிடித்துவிட்டுத்தான் வருவான். ஆகவே ஜெயிப்பவர்களை உள்ளே தள்ளவேண்டும், தோற்பவர்களை வாசல் ஓரம் நிறுத்தவேண்டும். கேட்டில் நின்று நான் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்தப் பக்கம்?"

யார் தோற்பார்கள் என்பது ஆடுகிறவர்களுக்கே தெரியாதே, உமக்கு எப்படித் தெரியும்? கதவுச் சத்தம். மனசுக்குள் தோற்றுவிட்டவன் கார்க் கதவை மெதுவாகச் சாத்துவான். ஜெயிப்போம் என்று வந்தவன் ஓங்கி அறைவான். முதல் நாலைந்து கார்களின் கதவைக் கேட்டுவிட்டேன் என்றால் எனக்குக் கோல் கணக்கே தெரிந்துவிடும். பயிற்சியாளர்கள் இரண்டு பேர் ஆட்டத்துக்கு முன்னால் என் வாசலில் வந்து நின்று பார்த்திருக்கிறார்கள். நான் வாயே திறக்கவில்லை.

இனி சம்பந்தி.

அடுத்த வீட்டில் என் சம்பந்தி இருக்கிறார். என் ஒரே மகளை அவருடைய ஒரே மகனுக்குத்தான் கொடுத்திருக்கிறேன். பெண்ணைக் கண்ணெதிரே வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கண்ணெதிரேதான் இருக்கிறாள். மேட்ச் நாளில் அவருடைய கேட்டில் நின்றுகொண்டு என் கார்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறாள்.

சம்பந்தி ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர்தான், அவருடைய துளைபோடும் கருவி ஓய்வு பெறவில்லை. முற்றத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, காருக்குக் கார் எண் எழுதி, நடுவில் அகலமாக வழிவிட்டு வைத்திருக்கிறார். மொத்தமே ஆறு கார். அதிலும் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு உண்டு. முதல் வகுப்பு என்றால் நிழல். கட்டணம் இரட்டிப்பு.

அந்த நிழல் என் மரத்தினுடையது. மரம் என் முற்றத்து ஓரத்தில் நிற்கிறது. மத்தியானத்துக்கு மேல் அதன் நிழல், சொன்ன பேச்சுக் கேட்காத பிள்ளை மாதிரி, சுவர் ஏறிக் குதித்து அவர் பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும்.

"நிழல் என்னோடது சம்பந்தி. பாதிக் காசு இந்தப் பக்கம் வரணும்" என்று ஒருநாள் சுவருக்கு மேல் சொன்னேன்.

"மரம் உங்களோடது. நிழல் விழுற தரை என்னோடது. ரயில் சத்தம் உங்க வீட்டுக்குள்ள கேக்குதுன்னு ரயில் உங்களோடது ஆயிடுமா?"

அன்றிலிருந்து மேட்ச் நாள் காலையில் மரத்துப் பறவைகளுக்கு வயிறாரத் தீனி போட ஆரம்பித்தேன். மத்தியானத்துக்குள் அது செரித்துவிடும். முதல் வகுப்பில் வெள்ளை வெளேரென்று நின்ற கார்கள் எச்சம் பூசிக்கொண்டு வெளியே போயின.

"வாயில்லா ஜீவனுக்குத் தீனி போடுறது கூடக் குத்தமா சம்பந்தி?"

"போடுங்க. உங்க பக்கக் கிளையில உக்கார வச்சுப் போடுங்க."

"எந்தக் கிளையில உக்காரணும்னு நான் எப்படிச் சொல்றது? ரிசர்வேஷனெல்லாம் உங்க இலாகா ஆச்சே."

எங்களுக்கு நடுவே இருக்கும் சுவரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். என் சுவர் என்று நானும் அவர் சுவர் என்று அவரும் வக்கீல்களுக்குப் படியளந்து வந்தோம். மகள் கல்யாணத்தின்போது, அப்போது நாங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த காலம், இரண்டு முற்றத்திலும் பந்தி போடுவதற்காகச் சுவரில் மரத்தடியில் ஒரு லாரி நுழையும் அகலத்துக்கு இடித்துத் திறந்தோம். கல்யாணம் முடிந்த மறுநாள் அடைக்க வேண்டியதுதானே? சிமெண்டு யார் வாங்குவது என்று பேச்சு வந்தது. இடிக்கச் சொன்னது பெண் வீட்டார், அதனால் நான் வாங்கவேண்டும் என்றார். பந்தியில் அதிகம் சாப்பிட்டது பிள்ளை வீட்டார், அதனால் அவர் வாங்கவேண்டும் என்றேன். கடைசிவரை சிமெண்டு வரவில்லை. பழைய செங்கல்லையே ஒன்றின்மேல் ஒன்று சும்மா அடுக்கி, அவரவர் பக்கத்தில் அவரவர் வெள்ளையடித்துக்கொண்டோம். பார்த்தால் சுவர் மாதிரிதான் இருக்கும். பலமாகத் தும்மாமல் இருக்கவேண்டும்.

இப்படி நாங்கள் ஒருவரையொருவர் கடித்துக்கொண்டு நிம்மதியாகப் பிழைத்துவந்தபோது அரங்கத்து நிர்வாகம் ஓர் அறிவிப்பு ஒட்டியது. இனி கண்ட வீட்டிலும் கார் விடக்கூடாது. தெருவுக்கு ஒரே ஓர் இடத்துக்கு அனுமதிப் பலகை கொடுப்பார்கள். பலகை இல்லாத வீட்டில் கார் நின்றால் இழுத்துப் போய்விடுவார்கள். தெருவில் மற்றவர்கள் விலகிக்கொண்டார்கள். கடைசியில் இரண்டு மனு நின்றது, என்னுடையதும் அவருடையதும். இறுதி ஆட்டத்தன்று அதிகாரி நேரில் வந்து பார்த்து முடிவு செய்வார் என்று தகவல் வந்தது.

பலகை இல்லையென்றால் எனக்கு வேறு எதுவும் இல்லை. வண்டி அடுக்குவதைத் தவிர நான் எதையும் உருப்படியாகச் செய்ததில்லை. இது என் மனைவிக்கும் தெரியும்.

"அந்தப் பலகை மட்டும் கிடைக்கலேன்னா நீங்க நாள் முழுக்க வீட்டுக்குள்ளயே இருப்பீங்க" என்றாள்.

"ஆமா. அதுக்கு என்ன?"

"நான் எங்க போறதுன்னு யோசிக்கிறேன்."

மனுவை நான் தபாலில்தான் போட்டேன். நேரில் போகலாம், ஆனால் நான் இல்லாத நேரத்தில் சம்பந்தி சுவரை ஒரு செங்கல் அகலம் நகர்த்திவிட்டால்? அவருக்கும் அதே பயம். அதனால் அவர் தன் மனுவை மருமகளிடம், அதாவது என் மகளிடம், கொடுத்து அனுப்பினார். அவள் அரங்கத்து அலுவலகத்துக்குப் போய், உடனே திரும்பாமல், நிறைய நேரம் கழித்து வந்தாள். வரிசை நீளம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இறுதி ஆட்டம் சிவப்புக் கட்சிக்கும் பச்சைக் கட்சிக்கும். மத்தியானம் தொடங்குகிறது. காலையிலேயே பறவைகளுக்கு இரட்டைத் தீனி போட்டுவிட்டுக் கேட்டில் நின்றேன். அடுத்த கேட்டில் மகள், கையில் ரசீதுக்கட்டு. அவளுக்குப் பின்னால் நாற்காலி போட்டு, கோட்டு மாட்டிக்கொண்டு சம்பந்தி. மாப்பிள்ளைக்கு மேட்ச் நாளென்றால் தலைவலி வந்துவிடும். ஊருக்கு வெளியே இருக்கும் அந்த இலவச மைதானத்துக்குப் போய்க் காரை நிறுத்தி உள்ளேயே தூங்கிவிட்டு வருவார். நல்ல பையன்.

"அப்பா, ரோட்டை மறிக்காதீங்க. எங்க வாசலுக்கு வழி விடுங்க" என்றாள் மகள்.

"இந்த ரோட்டுலதான் உனக்கு நடக்கக் கத்துக்கொடுத்தேன்."

"அதான் நடக்கிறதுக்காவது வழி விடுங்கன்னு சொல்றேன்."

"சம்பந்தி, பொண்ணை நல்லா வளர்த்து வச்சிருக்கீங்க" என்றார் பின்னால் இருந்தவர்.

"நான் வளர்த்தப்ப இப்படி இல்ல. தண்ணி மாறிப்போச்சு."

முதல் கார் பச்சை. ஓட்டியவர் இறங்கி, கதவைக் குழந்தையைத் தூங்கப்போடுவதுபோலச் சாத்தினார். இரண்டாவதும் பச்சை. மெதுவாக. மூன்றாவது சிவப்பு. அவர் அறைந்த அறையில் என் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. பச்சைக்குத் தோல்வி. சிவப்பையெல்லாம் உள்ளே தள்ளு, பச்சையை வாசல் ஓரம் நிறுத்து. வந்த பச்சைகளைத் தெருவைச் சுற்றிவரச் சொல்லிவிட்டு, சிவப்புகளால் உள்பக்கத்தை நிரப்ப ஆரம்பித்தேன்.

"அங்க போனா கார் வெளிய வராதுங்க" என்று சம்பந்தி என் வாடிக்கையாளரிடம் குரல் கொடுத்தார். "இங்க வாங்க, எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம். நிழல் இருக்கு."

"நிழலுக்கு மேல என்ன இருக்குன்னும் சொல்லிடுங்க சம்பந்தி" என்றேன்.

அந்தச் சமயத்தில் ஒரு சின்னச் சாம்பல்நிறக் கார் மகளின் கேட்டில் போய் நின்றது. அவள் குனிந்து ஓட்டுகிறவரைப் பார்த்தாள். ஏதோ பேசினாள். பிறகு, நம்பமாட்டீர்கள், கையை நீட்டி என் கேட்டைக் காட்டினாள்.

"என்னம்மா பண்ற? நமக்கு இன்னும் ரெண்டு இடம் காலியா இருக்கே" என்று சம்பந்தி எழுந்தார்.

"இருக்கட்டும் மாமா. வெயில்ல நிக்காதீங்க, உக்காருங்க."

ரத்தம் ரத்தம்தான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு இந்த வியாதி எப்போதாவது வரும்.

சாம்பல்நிறக் காரிலிருந்து ஒல்லியாக ஒருவர் இறங்கினார். சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை, இஸ்திரி போட்ட வெளிர்ச் சட்டை.

"எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கமும் இல்லை."

"அது எப்படி? சும்மா வெளிய சொல்லாட்டாலும் மனசுக்குள்ள ஒரு பக்கம் இருக்குமே?"

"இல்லை."

சரி, கதவு சொல்லட்டும் என்று காதைக் கொடுத்தேன். அவர் கதவை ஒற்றை விரலால் தள்ளினார். அது சத்தமே போடாமல் மூடிக்கொண்டது. என் வாழ்நாளில் அப்படி ஒரு கதவைக் கேட்டதில்லை. பக்கம் இல்லாதவன் ஜெயிக்கவும் முடியாது, தோற்கவும் முடியாது. அவனுக்குக் கிளம்பும் அவசரம் எங்கிருந்து வரும்? ஊர் பூராவும் போனபிறகு சாவகாசமாக எழுந்து வருவான். அப்படிப்பட்டவனுக்கு ஒரே இடம்தான் உண்டு. மரத்தடியில், சுவரை ஒட்டிய கடைக்கோடி மூலை. அதற்கு இன்னும் வழி மிச்சமிருந்தது, அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தேன். பிறகு அவருக்கு முன்னால் சிவப்பாக ஐந்து வரிசை. அதற்கு முன்னால் பச்சை.

"அந்த ஆளைப் பாத்தா மேட்ச் பாக்க வந்தவர் மாதிரி இல்லையே" என்றாள் மனைவி ஜன்னலிலிருந்து.

"அதனாலதான் உள்ள போட்டேன்" என்றேன். அப்போது அது அறிவாளித்தனமாகவே பட்டது.

ஆட்டம் ஆரம்பித்தது. அரங்கத்தின் இரைச்சல் தெருவரை வந்தது. கேட்டைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். முதல் பாதி கூட முடியவில்லை, வெளிர்ச் சட்டைக்காரர் வந்து நின்றார்.

"வண்டி எடுக்கணும்."

"இப்பவா? இன்னும் ஒரு கோல் கூட விழலையே."

"எடுக்கணும்."

"பிடிக்கலையா? பக்கம் இல்லாம பாத்தா அப்படித்தான் இருக்கும். போய் ஏதாவது ஒரு கட்சியில சேந்துக்கிட்டு மீதியையும் பாருங்க. ரெண்டுல எது வேணும்னாலும்..."

அவர் சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து என் மூக்குக்கு நேராகப் பிடித்தார். அரங்கத்து முத்திரை. பலகை அதிகாரி.

"அனுமதி வாங்கின இடத்துல விட்ட வண்டியை, கேட்ட உடனே எடுத்துக் கொடுக்கணும். அதான் முதல் விதி. எடுங்க."

என் முற்றத்தைப் பார்த்தேன். எறும்பு போகவேண்டுமென்றாலும் கார்மேல் ஏறித்தான் போகவேண்டும். சாவிகளெல்லாம் அரங்கத்துக்குள், சொந்தக்காரர்கள் பைக்குள் குதித்துக்கொண்டிருந்தன.

சுவருக்கு மேல் சம்பந்தியின் தலை முளைத்தது. நாற்காலிமேல் ஏறி நின்றிருக்கிறார். முகத்தில் பௌர்ணமி.

"என்னங்க சார், வண்டி வரலையா? நான் அப்பவே சொன்னேனே. எங்ககிட்ட பாருங்க, ஒவ்வொரு வண்டிக்கும் தனி வழி. சம்பந்தி, சாருக்கு ஒரு நாற்காலி போடுங்க. சாயங்காலம் வரைக்கும் நிக்கணும்ல."

"நீங்க உங்க நாற்காலியில ஜாக்கிரதையா நில்லுங்க. அந்தச் சுவரைப் பிடிக்காதீங்க" என்றேன்.

"என் சுவர், நான் பிடிப்பேன்."

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. சாம்பல்நிறக் கார் எங்கே நிற்கிறது? மரத்தடியில். சுவரை ஒட்டி. கல்யாணத்துக்குத் திறந்த அதே இடத்தில். அந்தப் பக்கம் சம்பந்தியின் அகலமான வழி, வாசல்வரை காலியாக.

"சார், இங்க சுவர் வெறும் அடுக்குதான். எடுத்துட்டா கார் அந்தப் பக்கமா போயிடும்" என்றேன்.

"யார் சுவர்?" என்றார் அதிகாரி.

"என் சுவர்" என்றார் சம்பந்தி. "கோர்ட்டுல இருக்கு. ஒரு கல்லைத் தொட்டாலும் விடமாட்டேன்."

எத்தனையோ வருஷமாக என் வக்கீல் என் வாயிலிருந்து வரவிடாமல் காத்துவந்த வாக்கியத்தை நான் சொன்னேன். "ஆமா சம்பந்தி. சுவர் உங்களோடதுதான். எனக்கு இதுல ஒரு பாத்தியமும் இல்ல."

சம்பந்தி நாற்காலியில் ஆடிப்போனார். இந்த ஒரு வார்த்தைக்காக அவர் விற்ற நிலம் எனக்குத் தெரியும். "சார், கேட்டீங்களா? நீங்கதான் சாட்சி. அவர் வாயாலயே சொன்னார்."

"கேட்டேன்" என்றார் அதிகாரி. "அவசரத்துக்கு வண்டி போக வழியில்லாம சுவர் வச்சிருக்கிறது தப்பு. சுவர் யாருதோ அவங்கதான் திறக்கணும். திறங்க."

பௌர்ணமி மறைந்தது. என்னை அவர் பார்த்த பார்வையில் பச்சை மரம் பற்றி எரிந்திருக்கும், அவருடைய முதல் வகுப்பு நிழல் என்பதால் மரம் தப்பித்தது. கோட்டைக் கழற்றினார். ஒவ்வொரு செங்கல்லாக எடுத்து அடுக்க ஆரம்பித்தார். நான் என் பக்கம் நின்று, எது தளர்ந்த கல், எது அடுத்து வரவேண்டிய கல் என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"உதவி பண்ணலாம்ல?" என்றார் மூச்சு வாங்க.

"உங்க சுவர்ல நான் எப்படிக் கை வைக்கிறது சம்பந்தி?"

கடைசியில் வழி திறந்தது. சாம்பல்நிறக் கார் சம்பந்தி முற்றத்துக்குள் நுழைந்து, முதல் வகுப்பு நிழல் வழியாக வாசலை நோக்கிப் போனது. அவ்வளவுதான், நான் தோற்றேன், பலகை அவருக்கு. அவர் கைகட்டி நின்றிருந்தாலே போதும். ஆனால் மனிதர் முப்பத்தைந்து வருஷம் ரயிலில் இருந்தவர். தன் பெட்டிக்குள் ஒருவன் டிக்கெட் இல்லாமல் கடந்துபோவதை அவர் உடம்பு பொறுக்கவில்லை. ஓடிப்போய் காருக்கு முன்னால் நின்றார்.

"சார், ஒரு நிமிஷம். டிக்கெட்."

"எதுக்கு?"

"எங்க தரையில சக்கரம் பட்டா டிக்கெட் எடுக்கணும். நீங்க முதல் வகுப்பு வழியா வந்திருக்கீங்க. டிக்கெட் இல்லாம வந்ததால அபராதமும் சேரும்."

"நான் யாருன்னு தெரியும்ல?"

"தெரியும் சார். ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அதிகாரி காரை நிறுத்திவிட்டு இறங்கினார். இறங்கும் நேரம் பார்த்து, காலையில் நான் போட்ட இரட்டைத் தீனி செரித்து, அவருடைய வெளிர்ச் சட்டையின் தோளில் வந்து விழுந்தது. அவர் தோளைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். சம்பந்தியைப் பார்த்தார். சுவர் இருந்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார்.

"ஒருத்தர் வண்டியை உள்ள போட்டா வெளிய விடமாட்டார். இன்னொருத்தர் வெளிய போற வண்டியைப் பிடிச்சு வச்சுப்பார். ரெண்டு மனுவும் தள்ளுபடி."

அரங்கத்தில்கூட யாரோ தப்பாக உதைத்திருக்க வேண்டும், அங்கிருந்தும் ஓர் ஐயோ கேட்டது.

"மூணாவது மனு இருக்கு சார்" என்றாள் என் மகள்.

ரசீதுக்கட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் வந்தாள். ஈரத்துணி ஒன்றை அதிகாரியிடம் நீட்டினாள். "அன்னிக்கு ஆபீஸ்ல வந்து கொடுத்தேனே. ரெண்டு முற்றமும் சேந்து ஒரே இடம். அந்தக் கேட்டு வழியா உள்ள, இந்தக் கேட்டு வழியா வெளிய. நடுவுல சுவரு இருக்கேன்னு நீங்கதான் கேட்டீங்க. இப்ப இல்ல."

அதிகாரி தோளைத் துடைத்துக்கொண்டே ஓட்டையை இன்னொருமுறை பார்த்தார். "யார் பேர்ல?"

"என் பேர்லதான். இவங்க ரெண்டு பேருக்கும் வாரிசு நானும் என் வீட்டுக்காரரும்தான். அவருக்குத் தலைவலி."

சம்பந்தியை முந்திக்கொண்டு நான் கேட்டேன்.

"அவர்தான் அதிகாரின்னு தெரிஞ்சேதான் என் பக்கம் அனுப்பினியா?"

"நீங்க எங்க நிறுத்துவீங்கன்னு தெரியும்ப்பா. எந்தப் பக்கமும் இல்லாதவரை வேற எங்க போடுவீங்க?"

"நான் சுவரை விட்டுக்கொடுப்பேன்னு எப்படித் தெரியும்?"

"மாமாவுக்கு வலிக்கும்னா நீங்க எதையும் விட்டுக்கொடுப்பீங்க."

"நான் டிக்கெட் கேப்பேன்னும் தெரியுமா?" என்றார் சம்பந்தி, குரல் ஒரு மாதிரியாக.

"அது தெருவுக்கே தெரியும் மாமா."

அதிகாரி காரிலிருந்து பலகையை எடுத்து அவளிடமே கொடுத்துவிட்டுக் கதவை ஒற்றை விரலால் சாத்திக்கொண்டு போனார்.

ஆட்டத்தின் முடிவையும் கேட்டுவிடுங்கள். பச்சை ஜெயித்தது. அந்த வருஷம் பச்சைக்காரர்கள் நிறைய பேர் புதுக் கார் வாங்கியிருந்தார்களாம். புதுக் காரின் கதவை எவனும் ஓங்கிச் சாத்தமாட்டான். இதை யாராவது எனக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம். தோற்ற சிவப்புக்காரர்கள் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு சீக்கிரமே வந்துவிட்டார்கள். அவர்கள் கார்களோ கடைக்கோடியில். சுவர் மட்டும் இருந்திருந்தால் என் எலும்பை எண்ணியிருப்பார்கள். ஒவ்வொரு காராகச் சுவர் இருந்த வழியாக அந்தப் பக்கம் போய் வெளியேறியது. வாசலில் நின்ற என் மகள் ஒருவரையும் விடாமல் வழிக்கட்டணம் வாங்கினாள். மாமனார் சொன்ன ரூல்தான். அவர் சொன்னால் தப்பு, அவள் சொன்னால் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள்.

இப்போது எங்கள் தெருவில் ஒரே இடம்தான். மேட்ச் நாளில் வந்தால் தெரியும், பலகை தொங்குகிறது. கட்டணம் அரங்கத்து நிலவறையைவிடக் குறைவு, நாங்கள் இருவரும் வாங்கியதைவிட அதிகம். அடுக்குவது நானில்லை, டிக்கெட் கிழிப்பது அவரில்லை. பறவைகளுக்குத் தீனி போடக்கூடாது என்று உத்தரவு. நானும் போடுவதில்லை. பகலில்.

எனக்கும் சம்பந்திக்கும் அவள் வேலை கொடுக்காமல் இல்லை. உள்ளே விட்டால் சண்டை வரும் என்று இரண்டு நாற்காலி போட்டு உட்காரவைத்திருக்கிறாள். அவர் என்னோடு பேசுவதில்லை, நானும் அவரோடு பேசுவதில்லை. சுவர் வழக்கு மட்டும் நடக்கிறது. இப்போது அது என் சுவர் இல்லை என்று நானும், அவர் சுவர் இல்லை என்று அவரும் வாதாடுகிறோம்.

நாற்காலி எங்கே என்று கேட்கிறீர்களா? வேறு எங்கே போடுவாள், என் மகள்தானே. வாசல் ஓரம்.